பதினாறு முழம்

வதினா,

இன்று காலையிலிருந்து ஐப்பசி மழை. தறி அறையின் ஓட்டில் வழக்கமான இடத்தில் ஒழுகி, ஆணியில் தொங்கிய நம் கயிற்றை நனைத்துவிட்டது. தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு முதலில் அந்த வாசனைதான் வந்தது. நனைந்த பஞ்சு, புளித்த கஞ்சி, அடியில் கொஞ்சம் வௌவால் எச்சம். எத்தனை தரம் அலசியும் அது போகவில்லை. கரண்டு போய் இரண்டு தறியும் நின்றிருந்தன. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். நீ அதை நம்பிக்கொண்டே போய்விட்டாய். அதைச் சொல்லாமல் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை ஓடவில்லை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்து தெரியும், சத்தம் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மாவுக்கும் தார் சுற்ற ஆள் தேவையாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

நீ வந்த மூன்றாம் நாள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். "ஏமே, நீ ஊமையா, இல்ல என்கிட்ட மட்டும் பேசமாட்டியா?"

"பேசுவேங்க."

"ங்க போட்டா நான் கெழவி ஆயிடுவேன். வா போன்னு பேசு."

அம்மாவுக்கு எதிரில் 'ங்க', நாம் இருவர் மட்டும் இருந்தால் வா, போ என்று அன்றே முடிவாகிவிட்டது. நீயும் கல்லூரியில் இரண்டு வருடம் பூகோளம் படித்துவிட்டுக் கல்யாணத்துக்காக நிறுத்தியவள். "நீ அரை, நான் முக்கால். ரெண்டும் சேந்தா ஒன்னேகால். ஒருத்தி படிக்கறதுக்கு மேலயே படிச்சிட்டோம்" என்று சிரித்தாய். உனக்குச் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான். எதை எண்ண ஆரம்பித்தாலும் நடுவில் பேச்சு வந்து எண்ணிக்கை போய்விடும். அதனால்தான் எண்ணும் வேலை எனக்கு வந்தது.

தண்ணிமுழுங்கியைப் பற்றி நீ சொன்னது அந்தச் சித்திரையில். பொதட்டூர்பேட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி உன் அம்மா ஊர். ஊருக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒரு பாறைப் பிளவுக்குள் நுழைந்து காணாமல் போகும். அந்தக் குகைக்குத்தான் ஊரில் தண்ணிமுழுங்கி என்று பெயர். உள்ளே போகிற தண்ணீர் பூமிக்கடியிலேயே நடந்து திருத்தணிக் குளத்தில் வந்து சேர்கிறது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நாம் முதல்நாள் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் சத்தியமே செய்தார்.

"எங்க தாத்தா காலத்துல இதுல ஒரு எலுமிச்சம்பழத்தப் போட்டாங்க. ஆடிக் கிருத்திக அன்னிக்குக் கொளத்துல மெதந்துகினு வந்துச்சு."

"யாரு தாத்தா பாத்தது?" என்றாய்.

"பாத்தவன் செத்துட்டான்."

"பழம் இன்னா ஆச்சி?"

"பழத்தயா வெச்சிகினு இருப்பாங்க? போம்மா."

உனக்கு வேறு எண்ணம் இருந்தது. மலைச்சரிவுக்குக் கீழே, உங்கள் வயல் ஓரத்தில், கோடையிலும் வற்றாத ஒரு சுனை. "ஓடை முழுங்கற தண்ணிய அதுலதான் கக்குது. திருத்தணிக்கெல்லாம் போவல" என்றாய். அதைக் காட்ட வேண்டுமானால் குகையை அளந்து வரைய வேண்டும். கல்லூரியில் உங்களை ஒரு முறை குகை அளக்கக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பையன்கள் அளந்தார்களாம். பெண்களை டார்ச் பிடிக்கச் சொன்னார்களாம். "நாலு மணி நேரம் டார்ச் புடிச்சேன். அன்னிக்கே நெனச்சேன், ஒரு குகையாவது நான் அளக்கணும்னு."

நம் வீட்டில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று நீ அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் யாரும் தடுக்க முடியாது. துணைக்கு நான். அம்மா மட்டும் முனகுவார்.

"அமாவாசையும் அதுவுமா இன்னா அப்படி அம்மா வூடு?"

"அம்மா சொரக்கா வெச்சிருக்காங்க அத்த. போயி எடுத்துகினு வந்துடறோம்."

சொன்னதற்காகச் சுரைக்காயோடுதான் திரும்பி வர வேண்டியிருந்தது. சித்திரையிலிருந்து ஐந்து அமாவாசை, ஐந்து சுரைக்காய். கடைசியில் நைனா சுரைக்காயைப் பார்த்ததும் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். "ஏம்மா, உங்க ஊர்ல கத்திரிக்காயே காய்க்காதா?" என்று அவர் கேட்டபோது நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடினாய்.

அளக்கும் கயிறு என் வேலை. பாவுக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்த நூலில் எட்டு இழை எடுத்து இறுக்கி முறுக்கினேன். தறியில் அளவு பார்க்கும் குச்சியை வைத்து, பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. அது ஒரு முழம். பத்து முழத்துக்கு ஒரு சிவப்பு நூல். கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நீ முன்னால் போவாய். நான் பின்னால் உட்கார்ந்து கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பேன். குகை வளைகிற இடத்தில் நீ நின்று, இரண்டு தரம் இழுப்பாய். நின்றுவிட்டேன் என்று அர்த்தம். நான் கயிற்றை விறைப்பாக இழுத்து, என் கையைத் தாண்டிப் போன முடிச்சுகளை எண்ணி, சத்தமாகச் சொல்ல வேண்டும். நீ போனில் திசையைப் பார்த்து, கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதுவாய். நின்ற இடத்தில் பாறையின் மூக்கில் சிவப்பு நூல் ஒன்று கட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாய்.

சத்தம் வராத எனக்கு அங்கே சத்தம் வந்தது. முதல் தரம் "பதினொன்னு!" என்று கத்தியபோது அந்த இடுக்கு முழுதும் அதைத் திருப்பிச் சொன்னது. நானே பயந்துபோனேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து, "ஆங், கேட்டுச்சு! திருத்தணிக்கே கேட்டுச்சு!" என்றாய்.

முதல் இரண்டு அளவுகள் காய்ந்த மணலில். அதற்கு அப்பால் முழங்கால் தண்ணீர், பிறகு இடுப்பு. வௌவால் உன் தலைமேல் பறந்தாலும் கவலைப்படமாட்டாய். தவளைக்கு மட்டும் அப்படி ஒரு பயம். தண்ணீரில் கால் வைக்கும் முன் ஒவ்வொரு தரமும், "ஏமே, தவளை இருக்கா பாரு" என்பாய். பார்க்காமலே இல்லை என்பேன். அந்தப் பொய்யெல்லாம் கணக்கில் வராது.

கணக்கில் வருகிற பொய் ஆவணி அமாவாசையில்.

அன்று நடுப்பகல் தாண்டி உள்ளே போனோம். வெளியே ஆந்திரப் பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மேல் மலையில் மழை பெய்தால் ஓடை ஒரே பாய்ச்சலாக வரும் என்று உன் அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவார். கடைசி வளைவில் கூரை தாழ்ந்து, மார்பளவு தண்ணீரில் குனிந்து போக வேண்டியிருந்தது. நான் ஒரு பாறைமேல் ஒண்டி உட்கார்ந்தேன். நீ நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே போனாய். உன் வெளிச்சம் சின்னதாகி, இல்லாமல் போயிற்று. கயிறு மட்டும் என் கைக்குள் நழுவிக்கொண்டிருந்தது.

அப்போது தண்ணீரின் சத்தம் மாறியது. மாறியது என்று எனக்குத் தோன்றியது. வெளியே மழை வந்துவிட்டது, ஓடை வருகிறது, நீ உள்ளே இருக்கிறாய் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நீ உள்ளே இருக்கிறாய் என்பதைவிட நான் உள்ளே இருக்கிறேன் என்பதைத்தான் முதலில் நினைத்தேன். நீ இன்னும் இரண்டு தரம் இழுக்கவில்லை. கயிறு தளர்ந்து தண்ணீரில் சுருண்டு கிடந்தது. நான் எண்ணவில்லை. "பதினாறு! பதினாறு வதினா! வந்துடு!" என்று கத்தினேன்.

பிறகு உன் குரல். "பதினாறா? அத்தினியா?"

"ஆங்! வந்துடு!"

நீ பாறையில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டுத்தான் வந்தாய். வெளியே ஓடி வந்து பார்த்தோம். ஒரு துளிகூட விழவில்லை. மேகம் நகர்ந்து வெயிலே வந்துவிட்டது. ஆட்டுக்காரத் தாத்தா பாறைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். 'பயந்துட்டேன் வதினா, எண்ணல' என்றால் நீ திட்டியிருக்கமாட்டாய். தலையில் ஒரு குட்டு வைத்து மறுபடி கூட்டிக்கொண்டு போயிருப்பாய். அதற்குத்தான் பயந்தேன் போலிருக்கிறது. மறுபடி போவதற்கு.

திரும்பும் பஸ்ஸில் மடியில் சுரைக்காய்மேல் நோட்டை வைத்துக்கொண்டு நீ கோடு போட்டாய். குகை வாயிலிருந்து வயல் சுனை வரை மேலே அளந்து வைத்ததையும் சேர்த்துப் பார்த்தாய். திடீரென்று என் தொடையில் அடித்தாய்.

"பாப்பா! பதினாறு முழம்னா நாம எங்க வந்துட்டோம் தெரியுமா? சுனைக்கு ஆறே முழம்! இன்னும் ஆறு முழம் போனா வெளிய வந்துடுவோம்!"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

அதற்கப்புறம் உன் வாயில் எப்போதும் ஆறு முழம்தான். தோசை சுடும்போது ஆறு முழம், தலை வாரும்போது ஆறு முழம். குகைகளை அளந்து வரைபடம் போடுகிற சென்னைக் குழு ஒன்றுக்குப் போனில் உன் படத்தை அனுப்பினாய். "தண்ணி வத்தட்டும். தையில போயி அந்தப் பக்கமா வெளிய வந்து அவங்களுக்குக் காட்டலாம்" என்றாய். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன்.

கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் ரத்தத்தில் ஏதோ குறைகிறது, சென்னைக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்தாய். உன் கை அடுப்புக்கல் மாதிரி சுட்டது. "கயித்த எலி கடிக்காம வெய்யி" என்றாய். அதற்கும் தலையாட்டினேன். ஆறாம் நாள் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது என்று எதுவும் இல்லை. தறி ஓடியது. அண்ணன் விடிந்ததும் வேலைக்கு ரயிலேறிப் போய், இருட்டியபின் வந்து, சாப்பிட்டுப் படுத்தார். உன் பெயரை யாரும் சொல்லவில்லை. அமாவாசை வந்தால் எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை. நின்ற தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கயிற்றை எடுத்து முடிச்சுகளை எண்ணுவேன். பதினாறாவது வந்ததும் நிறுத்திவிடுவேன். என்னோடு பேச யாரும் இல்லை என்பதைவிட, நான் பேச வேண்டிய ஒன்றைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் பெரிதாக இருந்தது.

இந்த வைகாசியில் அந்தச் சென்னைக் குழுவிலிருந்து வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அக்கா, கூட இரண்டு பேர். மாசியில் உன் போனுக்கு அவர்கள் பேசியபோது அண்ணன்தான் எடுத்தாராம். நோட்டை வாங்கிக்கொண்டு போய், சிவப்பு வெளிச்சம் காட்டி அளக்கும் கருவியால் இரண்டு நாள் குகையை அளந்தார்கள். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தார்கள். நான் தறி அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"படம் நல்லா போட்டிருக்காங்க" என்றார் அந்த அக்கா. "ஆனா அளவெல்லாம் தப்பா இருக்கு. முதல் ரெண்டு மட்டும் சரி. மத்த எல்லாமே நீளம். அதை வெச்சி சுனைக்குப் பக்கத்துல வந்துட்டதா போட்டுட்டாங்க. நிஜத்துல பதினெட்டு முழத்துக்கு மேல பாக்கி இருக்கு. ஆசையில கொஞ்சம் கூட்டி எழுதிட்டாங்களோ என்னவோ. நாங்க எங்க அளவுலயே புதுசா போட்டுக்கறோம்."

அண்ணன் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சும்மா வெளையாட்டா பண்ணதுங்க. உட்டுடுங்க மேடம்" என்றார்.

விளையாட்டு. என் காது சூடாயிற்று. முதல் இரண்டு மட்டும் சரி. காய்ந்த மணலில் அளந்த இரண்டு. மற்றதெல்லாம் தண்ணீரில். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. அப்போது நைனா கொல்லையிலிருந்து உள்ளே வந்தார். நம் தறியில் நெய்த புது லுங்கி, முந்தின நாள்தான் முதல் தண்ணீர் கண்டது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஏறி நின்றது.

வதினா, ஊருக்கெல்லாம் லுங்கி நெய்கிற வீடு இது. முதல் தண்ணீரில் சுருங்கும் என்பது தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படி இருந்தும் கஞ்சி போட்ட நூலை முறுக்கி, அதைத் தண்ணீரில் முக்கி முக்கி அளந்திருக்கிறோம். நீதான் புகுந்தவீடு வந்தவள். எனக்கு எங்கே போயிற்று புத்தி?

நான் வெளியே வந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே இருந்தது. ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். உலர்ந்த கயிறு. தறி அறைத் தரையில் அளவுக் குச்சியை வைத்து, பத்து முழத்துக்கு இந்த முனையிலும் அந்த முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். கயிற்றைக் கோட்டுக்குக் கோடு பிடித்துக் காட்டினேன். சரியாக இருந்தது; முறுக்குக் கயிறு காய்ந்தால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். பிறகு வாளித் தண்ணீரில் அமுக்கினேன். நுரை மாதிரி மிச்சக் கஞ்சி மேலே வந்தது. அம்மா, "இன்னாடி பண்ற, வந்தவங்க எதிர்ல?" என்றார். கொஞ்ச நேரம் ஊறவைத்து எடுத்து மறுபடி பிடித்தேன். பத்தாவது முழத்துச் சிவப்பு நூல் கோட்டுக்கு முக்கால் முழம் உள்ளே நின்றது.

நைனாதான் முதலில் சிரித்தார். தன் லுங்கியைப் பார்த்துக்கொண்டார். "அடப்பாவி, முக்கா முழம்!"

அந்த அக்கா உடனே தரையில் உட்கார்ந்துவிட்டார். நோட்டை விரித்து, தண்ணீரில் எடுத்த ஒவ்வொரு அளவிலும் அந்தக் கணக்கில் கழித்துக்கொண்டே வந்தார். கழித்ததையும் தன் அளவையும் வாய்விட்டுச் சொன்னார். ஒத்துவந்தது. அடுத்ததும் ஒத்துவந்தது. "ஒரு ஜாண்கூட மாறல" என்று கூட வந்தவரிடம் காட்டினார். "கயித்துக் கணக்கத் தள்ளிட்டா அவங்க படம் அப்படியே சரி. அவங்க பேர்லயே போடலாம்." அண்ணன் தலைநிமிர்ந்தார். அவர் உன் பெயரைச் சொல்ல, இந்த வீட்டில் அது ஆறு மாதத்துக்குப் பிறகு சத்தமாகக் கேட்டது.

நான் அங்கேயே நின்றிருக்கலாம். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது ஒண்ணு மட்டும் இடிக்குது" என்றார் அந்த அக்கா. "கடைசி அளவு. பதினாறு போட்டிருக்காங்க. எப்படிக் கழிச்சாலும் நாங்க அளந்த ஒன்பதே காலுக்கு வராது. பரவால்ல, இருட்டுல அவங்க எண்ணிக்கை தப்பியிருக்கும்."

உனக்கு எண்ணிக்கை தப்பும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன்கூட லேசாகச் சிரித்து, "அவ பத்து எண்ணினாலே நடுவுல ரெண்டு காணாம போயிடுங்க" என்றார். எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறார். யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பதினாறு உன் தலையில் உட்கார்ந்து, உன் பெயரோடு படத்தில் ஏறி, அங்கேயே இருந்துவிடும்.

"அவங்க எண்ணல" என்றேன்.

எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. மறுபடி சொன்னேன். "எண்ணறது நான்தான். எப்பவும் நான்தான். அன்னிக்கி நான் எண்ணல. பயந்துகினு கத்திட்டேன். வதினா இழுக்கவே இல்ல, அதுக்குள்ள பதினாறுன்னு சொல்லிட்டேன். அவங்க நம்பிட்டாங்க. ஆறு முழம்தான் பாக்கின்னு நெனச்சிட்டாங்க. நான் அப்புறமும் சொல்லல."

கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் கோபித்துக்கொண்டு போனார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரில ஆறு முழம், ஆறு முழம்னு சொல்லிகினே இருந்தா" என்றார். "எனக்கு இன்னான்னே புரியல. பூ கேக்கறான்னு நெனச்சேன். ஆறு முழம் மல்லி வாங்கினு போயி தலமாட்டுல வெச்சேன். அதப் பாத்து சிரிச்சா. சிரிச்சிட்டு, சரி உடுன்னு சொன்னா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. நாங்கள் இருவரும் திருத்தணிக் கோயில் மலைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தானை இல்லாததால் வாயை மூடியிருக்கமாட்டாய்.

மறுநாள் அந்த அக்கா என்னைக் குகைக்கு அழைத்துக்கொண்டு போனார். அவரிடம் சரியான அளவு ஏற்கெனவே இருந்தது. "உங்க கயித்துலயே நீ ஒரு தடவை எண்ணிடு. அப்பதான் அது உங்க படம்" என்றார். முன்னால் போகிறாயா என்று கேட்டார். இல்லை, நான் உட்காரும் இடம் இதுதான் என்றேன். அதே பாறை. கயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன், அன்றுபோலவே. அவர் நுனியோடு உள்ளே போனார். வெளிச்சம் சின்னதாகி, இல்லாமல் போயிற்று. தண்ணீரின் சத்தம் மாறியது. அது மாறிக்கொண்டேதான் இருக்கும் போல, வதினா. ஆள் உள்ளே போனால் தண்ணீர் ஒதுங்கும், சத்தம் மாறும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு இழுப்பு வந்தது. அது உன் இழுப்பு இல்லை. நீ இழுத்தால் என் கை பாறையில் இடிக்கும். இவர் மெதுவாக இழுத்தார். நான் கயிற்றை விறைப்பாகப் பிடித்து, ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு எண்ணினேன். "பத்து!" என்று கத்தினேன். குகை திருப்பிச் சொன்னது. அதற்கப்புறம் கேட்டுச்சு என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு நானும் உள்ளே போனேன், குனிந்து, மார்பளவு தண்ணீரில். பாறையின் மூக்கில் உன் சிவப்பு நூல் சாயம்கூடப் போகாமல் இருந்தது. நீ எப்போதும் போடும் இரட்டை முடிச்சு. "எடுத்துக்கறியா?" என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கு அப்பால் கூரை தண்ணீரைத் தொட்டுவிட்டது, வழி இல்லை. தண்ணீர் மட்டும் அடியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று விரல்களை உன் அம்மா வயல் பக்கமாகத் தள்ளியது. சுனைப் பக்கம்தான், வதினா. திருத்தணிக்கு இல்லை. நீ சொன்ன திசை சரி. தூரத்தைத்தான் நான் கெடுத்தேன். காலில் ஏதோ குதித்தது. தவளை. உன்னிடம் அன்று இல்லை என்றேனே, அது.

படம் ஆடியில் வந்தது. உன் பெயர் அச்சில் இருக்கிறது, கீழே சின்ன எழுத்தில் என் பெயரும். அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. மடித்துத் தன் ரயில் பாஸோடு வைத்திருக்கிறார். குகை முடிகிற இடத்துக்கும் சுனைக்கும் நடுவே புள்ளிகளாக விட்டிருக்கிறார்கள். பதினெட்டு முழம். ஆள் போக முடியாத இடம். நோட்டில் உன் பதினாறை நான் அடிக்கவில்லை. அதன் அடியில், என் கையெழுத்தில், பத்து என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது வீட்டில் யாராவது எத்தனை என்று கேட்டால் உடனே சொல்வதில்லை. தார் எத்தனை, பாவு எத்தனை என்று அம்மா கேட்டுக்கொண்டே நிற்பார். "இன்னாடி, பத்து எண்ண இத்தினி நேரமா?" என்பார். தொட்டு எண்ணி முடித்த பிறகுதான் சொல்கிறேன். சத்தமாகவே சொல்கிறேன்.

அமாவாசைகளில் இன்னும் எங்கும் போவதில்லை. உன் அம்மா ஒரு தடவை ஆள் மூலமாகச் சுரைக்காய் அனுப்பினார். நைனா தட்டிலிருந்து எழாமல் சாப்பிட்டு முடித்தார்.

கரண்டு இன்னும் வரவில்லை. ஒழுகும் இடத்தில் வாளி வைத்துவிட்டேன். கயிற்றைக் காய்வதற்காக ஜன்னல் பக்கம் நீளமாகக் கட்டி, அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சற்று முன் மழைக்காற்று உள்ளே வந்து கயிற்றை ஒரு தரம் இழுத்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன்.